உண்டியலில் குறையும் காசும் நோட்டில் ஏறாத கூலியும்

கேள்வி: எங்களுக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவான தோட்டம். காய்கறி, கீரை, கொஞ்சம் முட்டை. மொத்த வியாபாரி கொடுக்கும் விலை கட்டுப்படியாகாததால், ஒன்றரை வருடமாக வாசலிலேயே ஒரு அலமாரி வைத்து, விலை எழுதி, பக்கத்தில் காசுப் பெட்டியும் வைத்திருக்கிறோம். ஆள் யாரும் உட்காருவதில்லை. வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு பணத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். தொடக்கத்தில் நன்றாகத்தான் போனது. இப்போது வாரத்துக்கு வாரம் பணம் குறைகிறது. போன மாதம் பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மனதே விட்டுப்போயிற்று. கேமரா வைக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். மூடிவிடலாம் என்கிறான் மகன். எல்லோரும் ஒழுங்காகக் காசு போட்டாலும் கையில் பெரிதாக எதுவும் நிற்பதில்லை என்பதும் உண்மை. என்ன செய்வது?

பதில்:

சகோதரி, கடிதம் முழுக்கத் திருட்டைப் பற்றி எழுதிவிட்டு, முடிக்கும்போது போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: எல்லோரும் காசு போட்டாலும் கையில் நிற்பதில்லை என்று. சிறு விவசாயிகளின் விற்பனைக் கணக்கைப் பார்ப்பதே என் தொழில் என்பதால் என் கண் அந்த வரியில்தான் நின்றது. ஆனால் பெட்டி போன ஆத்திரம் ஆறாமல் வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. அதனால் திருட்டை முதலில் பார்த்துவிடுவோம்.

‘குறைகிறது’ என்கிறீர்கள், நூற்றுக்கு எவ்வளவு என்று எழுதவில்லை. ஒரு நோட்டுப் போடுங்கள். காலையில் வைத்தது, மாலையில் மிஞ்சியது, வரவேண்டிய பணம், வந்த பணம் என்று நான்கே கட்டம். மூன்று வாரம் விடாமல் எழுதினால் ஓரளவு உருவம் தெரியும். வீட்டுச் சமையலுக்கு எடுத்தது, பக்கத்து வீட்டுக்குச் சும்மா கொடுத்தது, வாடிவிட்டதென்று நீங்களே பொறுக்கி எறிந்தது எல்லாம் அதில் ஏற வேண்டும். இவற்றை எழுதாமல் விட்டு, மாலையில் துண்டு விழுவதை முழுக்கத் திருட்டுக் கணக்கில் தள்ளுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆடு மேய்ந்த கட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆடு உண்டியலில் காசு போடாது.

எவ்வளவு குறைந்தால் பொறுக்கலாம்? இதற்கு ஓர் அளவுகோல் உண்டு, அதுவும் வியாபாரம் செய்து கண்டது. அமெரிக்காவில் பால் ஃபெல்ட்மன் என்பவர் 1984-ல் வேலையை விட்டுவிட்டு, வாஷிங்டன் பகுதி அலுவலகங்களுக்குக் காலையில் ரொட்டி கொண்டுபோய் வைத்து, காசுப் பெட்டியையும் வைத்துவிட்டு வரும் தொழிலில் இறங்கினார். பல ஆண்டுகள் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் கணக்கு எழுதினார். 90 விழுக்காட்டுக்கு மேல் காசு வந்தால் அது நேர்மையான இடம். 80-க்கும் 90-க்கும் நடுவில் வந்தால் எரிச்சல்தான், ஆனாலும் பொறுத்துக்கொள்வார். தொடர்ந்து 80-க்குக் கீழே போனால் கண்டிப்பாக ஒரு குறிப்பு எழுதி வைப்பார். அவர் போனதெல்லாம் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் வேலை செய்யும் இடங்கள். உங்களுடையது சாலையோரம், வழிப்போக்கரும் நிற்கும் இடம். ஆகவே நூற்றுக்குப் பத்து குறைந்தால் அதைக் கடைக்கூலி என்று எழுதிவிட்டு மேலே நடங்கள் என்பதுதான் என் யோசனை.

கடைக்கூலி என்று சும்மா சொல்லவில்லை. அலமாரி முன்னால் நாள் முழுக்க ஒருவர் உட்கார்ந்தால் அவருக்கு என்ன கூலி? அந்த நேரத்தில் களை எடுக்காமல் விட்டதற்கு என்ன நஷ்டம்? ஆள் உட்காருவதில்லை என்பதுதான் இந்தக் கடையின் லாபமே. குறையும் காசு அந்தக் கூலியைவிடச் சிறியதாக இருக்கும்வரை கடை தன் வேலையைச் செய்கிறது. அதைவிடப் பெரிதாகிவிட்டால் தயங்காமல் ஆள் வையுங்கள், அல்லது வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரத்தில் மட்டும் திறங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். போனது என்ன பொருள்? மாலையில் மிஞ்சி எருக்குழிக்குப் போகவேண்டிய கீரைக்கட்டை ஒருவர் காசு போடாமல் எடுத்துப்போனால், மனம் வலிக்கும். கணக்கில் பெரிய இழப்பு இல்லை. காலை எட்டு மணிக்கே தீர்ந்துபோகும் முட்டை போனால் அது முழு நஷ்டம், ஏனென்றால் அதை வாங்க இன்னொருவர் காசோடு வந்திருப்பார். ஆகவே சீக்கிரம் தீரும் பொருளையும் விலை கூடிய பொருளையும் அலமாரியில் வைக்காதீர்கள். ‘முட்டை வேண்டுவோர் மணியடிக்கவும்’ என்று எழுதி உள்ளே வையுங்கள், அல்லது முன்பணம் கொடுத்த வீடுகளுக்கு மட்டும் கொடுங்கள்.

குறையும் காசு எல்லாமே திருட்டும் அல்ல. சில்லறை இல்லாமல் ‘நாளைக்குப் போட்டுவிடலாம்’ என்று எடுத்துப்போனவர், நாளைக்கு மறந்துவிடுகிறார். ஒன்றுக்கு ஒரு விலை, இன்னொன்றுக்கு வேறு விலை, மூன்றாவது எடைக்கு என்று எழுதியிருந்தால் மனக்கணக்கில் தப்புப் போடுகிறார். ஜப்பானின் கிராமச் சாலைகளில் ஆளில்லாக் காய்கறிக் கடைகள் நெடுநாளாக நடக்கின்றன. அங்கே பல கடைகளில் எந்தப் பை எடுத்தாலும் ஒரே விலை, 100 யென் நாணயம் ஒன்று. யோசிக்கவும் வேண்டாம், சில்லறை தேடவும் வேண்டாம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எடைக்கு விற்பதை விட்டுவிட்டு, கூறு போடுங்கள், கட்டாகக் கட்டுங்கள். உங்கள் ஊர்ப் பணத்தில் எந்த நாணயமோ நோட்டோ எல்லோர் கையிலும் புழங்குகிறதோ, அதுவே ஒரு கூறின் விலை. விலையை மாற்ற வேண்டியிருந்தால் கூறின் அளவை மாற்றுங்கள். எடைக்கு விற்றால் பல இடங்களில் தராசுக்கு முத்திரை வாங்க வேண்டும். அந்தத் தொல்லையும் இல்லை.

பெட்டிக்கு வருகிறேன். மேலே சொன்ன ஃபெல்ட்மன் முதலில் திறந்த கூடை வைத்தார், காசு போனது. மூடியில் துளை போட்ட தகர டப்பா வைத்தார், அதுவும் போனது. கடைசியில் துளையிட்ட மரப்பெட்டி செய்தார். அதன்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 பெட்டிகள் வைத்ததில், சராசரியாக ஒன்றுதான் களவு போனது. நீங்கள் வைத்திருந்தது கையால் தூக்கக்கூடிய பெட்டி என்று நினைக்கிறேன். மர உண்டியலோ இரும்பு உண்டியலோ செய்து, உள்பக்கமிருந்து சுவரிலோ தூணிலோ திருகுங்கள். வெளியே பூட்டுத் தெரிந்தால் உடைக்கத் தோன்றும்; திறக்கும் கதவு உங்கள் பக்கம் இருக்கட்டும். மதியம் ஒருமுறை, இருட்டும் முன் ஒருமுறை காலி செய்யுங்கள். ‘இரவில் உண்டியலில் பணம் இருக்காது’ என்று எழுதியும் வையுங்கள். ஒரு கூறுக்குக் காசு போடாதவரும் உண்டியலைப் பெயர்த்துக்கொண்டு போகிறவரும் வேறு வேறு ஆட்கள். முதல்வரைப் பொறுத்துக்கொள்ளலாம், திருத்தவும் முடியும். இரண்டாமவருக்கு இரும்புதான் பதில்.

கைபேசியில் பணம் செலுத்த கியூஆர் அட்டையும் ஒட்டுங்கள். சில்லறை இல்லை என்ற சாக்கு அதோடு போயிற்று. ஒரு எச்சரிக்கை மட்டும்: உங்கள் அட்டைமேல் வேறொருவர் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் மோசடி பல நாடுகளில் நடக்கிறது. அட்டையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, காலையில் காய் அடுக்கும்போதே நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள், உங்கள் பெயர் வருகிறதா என்று.

கேமரா விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. இரண்டு கீரைக்கட்டுக்காக யார் காவல் நிலையம் போகப்போகிறார்கள்? படம் கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு செய்ய எதுவும் இருக்காது. அப்புறம்தான் ஆபத்து. அந்தப் படத்தை அக்கம்பக்கத்தார் குழுவில் போட்டுவிடத் தோன்றும். உண்டியலைத் தொடாமல் போனவர் கைபேசியில் பணம் அனுப்பியிருக்கலாம். போன வாரம் கூடுதலாகப் போட்டு வைத்திருக்கலாம். தப்பான ஆளைத் திருடன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அவரோடு நான்கு வீடு போகும். பொது வழியைப் படம் பிடிக்க அறிவிப்புப் பலகை வேண்டும், அனுமதி வேண்டும் என்று சட்டம் உள்ள இடங்களும் உண்டு. உண்டியல் உடைப்பு மீண்டும் மீண்டும் நடந்தால் மட்டும் கேமரா வையுங்கள், அதுவும் உண்டியலைப் பார்த்து.

கண் படம் ஒட்டினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், தேநீர் அறையின் காசுப் பெட்டிக்கு மேல் ஒரு வாரம் பூப்படம், மறுவாரம் கண் படம் என்று மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். கண் படம் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு பணம் வந்ததாக 2006-ல் எழுதினார்கள். அதைப் படித்த ஊரெல்லாம் கண் ஒட்டியது. பின்னர் பல ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் அலசியபோது, கண் படம் மனிதரின் தாராளத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. ஒட்டினால் நஷ்டமில்லை, அதை நம்பி உண்டியலைத் திருகாமல் இருந்துவிடாதீர்கள்.

நான் அதிகம் நம்புவது வேறொரு சோதனையை. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000-க்கும் மேற்பட்ட பணப்பைகள். ‘தெருவில் கிடந்தது’ என்று விடுதி, வங்கி, அஞ்சலகம் போன்ற இடங்களின் முகப்பில் கொடுத்துவிட்டுப் போய், எத்தனை பேர் உரியவரைத் தொடர்புகொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். 2019-ல் வந்த முடிவு: பணமில்லாத பைகளில் 40 விழுக்காட்டுக்கும், பணம் இருந்த பைகளில் 51 விழுக்காட்டுக்கும் உரியவருக்குத் தகவல் போனது. பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்று நினைத்தவர்களுக்கெல்லாம் அது வியப்பு. சில நாடுகளில் ஒரு சாவி உள்ள பை, சாவி இல்லாத பை என்றும் வைத்துப் பார்த்தார்கள். எடுத்தவருக்குப் பயனில்லாத, தொலைத்தவருக்கு மட்டுமே பயன்படும் சாவி. அது இருந்த பைகள் இன்னும் கூடுதலாகத் திரும்பின. யாருக்கோ இழப்பு என்று கண்ணுக்குத் தெரிந்தால் கை கூசுகிறது.

உங்கள் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? வெறும் விலை மட்டும் என்றால், எடுப்பவர் கண்ணுக்கு எதிரே அலமாரிதான் இருக்கிறது, நீங்கள் இல்லை. ‘இன்று காலை ஐந்து மணிக்கு நாங்கள் இருவரும் பறித்தது’ என்று சுண்ணக்கட்டியில் எழுதுங்கள். தினமும் அழித்து எழுதுங்கள். மறுநாளும் அதே எழுத்து இருந்தால் யாரும் படிக்கமாட்டார்கள். ‘திருடினால் தண்டனை’ என்ற பலகை வேண்டாம். ஒழுங்காகக் காசு போடும் ஒன்பது பேரும் அதைத்தான் படித்துவிட்டுப் போகிறார்கள். மாதம் ஒருமுறை, ‘இந்த மாதம் 300 கூறு போனது, 20-க்குக் காசு வரவில்லை, மறந்தவர்கள் போடலாம்’ என்று கணக்கையே எழுதி ஒட்டுங்கள். கோபமில்லாமல் எழுதிய கணக்குக்குப் பழைய பாக்கி திரும்பும்.

திருட்டு இவ்வளவுதான். நீங்கள் கடைசியில் எழுதிய வரிக்கு வருவோம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக, உங்கள் நோட்டில் வேறாக இருக்கும். காலையில் 40 கட்டுக் கீரை வைக்கிறீர்கள். மாலையில் 10 கட்டு வாடி மிஞ்சுகிறது. 3 கட்டுக்குக் காசு வரவில்லை. ஆக 27 கட்டுக்குப் பணம். விதை, எரு, தண்ணீர், கட்டும் நார் என்று 8 கட்டின் விலை போய்விட்டது. மிச்சம் 19 கட்டின் விலை. விதைத்ததிலிருந்து பறித்துக் கட்டியது வரை இந்த 40 கட்டுக்கு 7 மணி நேரம் உழைத்திருக்கிறீர்கள் என்றால், ஒரு மணி நேரத்துக்கு உங்கள் கூலி மூன்று கட்டுக் கீரைகூட இல்லை. இந்தக் கூலி எந்த நோட்டிலும் ஏறவில்லை. ஏறாததால்தான் கையில் ஏன் நிற்கவில்லை என்று தெரியாமல் உண்டியலை முறைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதே கணக்கில் திருட்டை அடியோடு ஒழித்துவிடுங்கள்: 30 கட்டுக்குப் பணம் வரும். அதை விட்டுவிட்டு, விலையை ஐந்தில் ஒரு பங்கு ஏற்றுங்கள். அதனால் இரண்டு பேர் வாங்காமல் போய்விட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 25 கட்டு விற்கும். பழைய விலையில் அது 30 கட்டுக்குச் சமம். கேமராவும் இல்லை, சண்டையும் இல்லை, அதே பணம். மிஞ்சுகிற 10 கட்டைப் பாதியாக்கினால் இதற்கும் மேல். மூன்று கட்டுக்குத் தூக்கம் கெட்டது. பத்துக் கட்டு கண்ணில் படவே இல்லை.

விலை ஏற்றச் சொன்னால் உடனே, ‘பெரிய கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே’ என்பீர்கள். கிடைக்கும். உலகில் உள்ள பண்ணைகளில் சுமார் 84 விழுக்காடு இரண்டு ஹெக்டேருக்கும் சிறியவை. மொத்த விளைநிலத்தில் ஏறத்தாழ 12 விழுக்காட்டை வைத்துக்கொண்டு உலக உணவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக விளைவிக்கின்றன. அப்படியும் விலையைத் தீர்மானிக்கிற இடத்தில் அவை இல்லை. பெரிய கடையோடு மலிவில் போட்டி போட்டால் தோற்பது உங்கள் கூலிதான். அவர்களால் முடியாததை விற்க வேண்டும்: காலையில் பறித்து மத்தியானம் குழம்பில் விழும் காய். மூன்று நாள் லாரியில் வந்த கீரையோடு அதற்கு ஒரே விலை வைப்பானேன்?

ஆனால் அந்தப் பசுமை அலமாரியிலும் நிற்க வேண்டும். பறித்த காயும் மூச்சுவிடும். சூடு ஏற ஏற வேகமாக விடும், சீக்கிரம் வாடும். வெயில் ஏறுமுன் பறித்து, நேரே நிழலுக்குக் கொண்டுவந்து, காயில் இருக்கும் சூடு ஆறியபின் கட்டுங்கள். அலமாரிக்குக் கூரை வேண்டும், வெயில் சாயும் பக்கம் தட்டியும் வேண்டும். கீரையின் அடித்தண்டு தண்ணீரில் நிற்கட்டும், மேலே ஈரச் சாக்கு. தக்காளியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து விற்காதீர்கள். ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே போனால் மணமும் போகும், பழுப்பதும் கெடும். பழுத்த தக்காளியை வெள்ளரி, கீரை பக்கத்தில் அடுக்கவும் வேண்டாம். அது விடும் எத்திலீன் வாயு அவற்றை மஞ்சளாக்கும். நாற்பதையும் ஒரேயடியாக வைக்காமல் காலையில் பதினைந்து, தீரத் தீரப் பத்துப் பத்தாக வையுங்கள். வாடுவதும் குறையும், ஒரே கையில் போவதும் குறையும். அலமாரி வெறிச்சென்று தெரிந்தால் வண்டி நிற்காது என்பது உண்மைதான். அதற்கு ஆழமில்லாத தட்டுகளைச் சாய்த்து வைத்தால் பதினைந்தே நிறைந்து தெரியும்.

எதை விதைப்பது என்பதும் கடைக் கணக்குதான். ஊரில் எல்லாக் கொல்லையிலும் சுரையும் பூசணியும் காய்க்கும் மாதத்தில் உங்கள் அலமாரியில் அது நின்றால் யார் காசு போடுவார்கள்? ஒரே நாளில் முழுப் பாத்தியும் விதைக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தி என்று தள்ளித் தள்ளி விதையுங்கள். இருபது வகை வேண்டாம். வருபவர் ‘அங்கே போனால் இது கண்டிப்பாக இருக்கும்’ என்று நினைக்கிற நான்கைந்து வகை போதும்.

அலமாரியை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். முன்பணம் வாங்கி வாரம் ஒரு கூடை கொடுக்கும் முறை ஜப்பானில் 1970-களில் ‘தேய்க்கெய்’ என்ற பெயரில் பரவியது. அமெரிக்காவில் 1986-ல் இரண்டு பண்ணைகளில் தொடங்கியது. அதில் விளைச்சல் குறைந்தால் கூடையும் சிறுக்கும் என்று வாங்குபவரும் ஒப்புக்கொண்டு வருகிறார்; மழை பொய்த்த நஷ்டம் உங்கள் தலையில் மட்டும் விழுவதில்லை. ஒன்றரை வருடமாக வருகிறவர்களில் பத்து வீடாவது முகம் தெரிந்திருக்கும். அவர்களிடம் கேளுங்கள். ஆனால் பத்துக்குமேல் உடனே போகாதீர்கள். முன்பணம் வாங்கியபின் கூடை கொடுக்க முடியாமல் போனால், அலமாரியில் காசு குறைவதைவிட அது பெரிய தலைவலி.

சட்டம் ஊருக்கு ஊர் மாறும், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். அலமாரி நிற்பது உங்கள் நிலத்திலா, சாலையோரப் பொது இடத்திலா என்று பாருங்கள். பொது இடம் என்றால் உள்ளாட்சி அனுமதி வேண்டியிருக்கும். வண்டி ஒதுங்கி நிற்க இடம் இல்லாத வளைவில் கடை வைக்கவே கூடாது. பறித்த காய்க்கு இருக்கும் சலுகை சமைத்த பொருளுக்கு இருக்காது. ஊறுகாய், பழக்கூழ், புட்டியில் அடைத்த காய் விற்க ஆசைப்பட்டால் முதலில் உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். புளிப்புக் குறைந்த, அதாவது பி.எச். அளவு 4.6-க்கு மேல் உள்ள காய்களைக் காற்றுப்புகாமல் தவறான முறையில் அடைத்தால் உயிரைக் கொல்லும் நஞ்சு உண்டாகலாம். ஆளில்லாக் கடையில் வாங்கியவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. திரும்பக் கேட்டு வாங்கவும் வழியில்லை.

மகன் சொல்வதையும் நான் தள்ளிவிடவில்லை. உண்டியலைத் திருகி, கூறு போட்டு, விலை ஏற்றி, ஒரு பருவம் முழுக்க நோட்டு எழுதிப் பாருங்கள். ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்து, உழைத்த மணி நேரத்தையும் எழுதுங்கள். பருவ முடிவில் ஒரு மணி நேரத்துக்கு நிற்கும் பணம், அதே நேரம் வெளியே வேலைக்குப் போனால் கிடைப்பதில் பாதிகூட இல்லையென்றால், அலமாரியை எடுத்துவிட்டுக் கூடை வீடுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுபடி எழுதும்போது நோட்டின் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்புங்கள். எந்தக் காயை நிறுத்தலாம், எதற்கு விலை ஏற்றலாம் என்று பெயர் சொல்லியே எழுதுகிறேன்.